முருகைக்கல் கற்பித்த பாடம்

முருகைக்கல்லை மதிலிலும் சுண்ணாம்புச் சூளையிலும் மாத்திரமே கண்டு வளர்ந்தவர் நாம். அது கடலின் கணக்கேடுமாகும் என்பதை, எம்மிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவரே அண்மையில் எமக்கு உணர்த்தினார். முருகை உயிர்கள் ஆண்டுதோறும் ஒரு படை சுண்ணாம்பை வளர்க்கின்றன. பார உலோகங்களுள் ஒன்றாகிய ஈயம் கடல்நீரில் கலப்பின், அதிற் சிறிதளவு கல்சியத்தின் இடத்திற் புகுந்து அப்படையிலே தங்கிவிடுகின்றது. ஈயங்கலந்த பெற்றோல் இந்நாட்டில் 2002இல் நிறுத்தப்பட்டது. அதன் சுவட்டைத் தேடுவதே அவர் நோக்கம்.

அவருடைய ஆய்வுகூடத்திற்கு ஒருநாட் சென்றோம். அறுத்த துண்டுகளை ஐதரசன் பரவொட்சைட்டில் ஊறவைத்து உயிர்ப்பொருளை நீக்கி, ஐதான நைத்திரிக்கமிலத்தால் மேற்பரப்பைக் கழுவி, தூயநீரில் அலசி உலர்த்தியிருந்தார். அகேற்றுக் கல்லுரலில் அரைத்து, அமிலத்திற் கரைத்து, அளத்தலே எஞ்சியிருந்தது. ஆர்வ மிகுதியால் ஒரு துண்டை வெறுங்கையால் எடுத்துவிட்டோம்.

"ஐயா, இதிலுள்ள ஈயம் பெரும்பாலும் 10 இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. இனிக் கடல் தந்தது எது, கைத்தூசு தந்தது எது என்று பிரித்தறிய இயலாது" என்று பணிவுடன் கூறி, முதலிலிருந்து கழுவத் தொடங்கினார்.

நாம் நாணினோம். ஒன்பதாம் வகுப்பில் அவர் எழுதிய கட்டுரையைத் திருத்தித் திருத்தியே அன்று கல்லூரிச் சஞ்சிகையில் வெளியிட்டோம். பலரும் பாராட்டினர். அதில் அவர் மொழி எவ்வளவு எஞ்சியிருந்தது?

இம்மலருக்கு மாணவர் தந்த ஆக்கங்களில் எழுத்துப்பிழைகளை மட்டுமே நீக்கியுள்ளோம்.