தோட்டத்துத் தொட்டிக் குழாய்



ராசிபுரம் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில், கிணற்று மோட்டார் தண்ணீர் வந்து விழும் தொட்டிதான் பேரப்பிள்ளைகளுக்கு நீச்சல் குளம். அவர்கள் மே லீவுக்கு வருவதற்குள், வருடக்கணக்காக வெயிலில் கிடந்து வெடித்திருந்த பிவிசி குழாயை நானே மாற்ற இறங்கினேன். அறிவியல் வாத்தியாருக்கு இது என்ன பெரிய வேலை என்ற நினைப்பு.

ஹேக்ஸா பிளேடால் அறுத்து, சொல்யூஷன் தடவி, எல்போவைச் சொருகினேன். ஒரு மணி நேரத்தில் மோட்டாரைப் போட்டேன். இரண்டு இணைப்பு கழன்று தண்ணீர் பீய்ச்சியடித்தது.

குழாய் வேலை செய்யும் பழைய மாணவனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தான்.

"சொல்யூஷன் வெறும் பசை இல்லீங்க சார். ரெண்டு பக்கத்து பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒண்ணாக்குது. பிசிறைச் சுரண்டி, துடைச்சு, சொருகறப்ப கால் சுத்து திருப்பி, அரை நிமிசம் அழுத்திப் புடிக்கணும். தண்ணி விட ஒரு நாள் பொறுக்கணுங்க."

ஒட்டினதைப் பிரிக்க முடியாது என்பதால், வால்வுக்குப் பக்கத்தில் ஒரு யூனியன் வைக்கச் சொன்னான். அடுத்த தடவை அறுக்காமலே கழற்றலாம். "நீங்களே ஒட்டுங்க சார், வந்துரும்" என்று பக்கத்திலேயே நின்றான்.

இவனைத்தான் ஒன்பதாம் வகுப்பில், "படிக்காட்டி குழாய் மாட்டத்தான் போவே" என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். அதை அவன் ஞாபகப்படுத்தவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் போட்டோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அன்று எல்லோர் முன்னாலும் சொன்னதால், இன்றும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்: மன்னிச்சுக்கோ கண்ணு.