எரிபொருளே இல்லாத ராக்கெட்டில் மூணு பேர் எப்படி இறந்தாங்க?

1/ ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, மைனர் ஓ.டி.யில் ஒரு அம்மாவுக்குத் தாடைக்குக் கீழே சின்னக் கட்டி எடுத்துட்டு இருந்தோம். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். ரத்தக்கசிவை நிறுத்த, கரண்டில் சுடுற காட்டரியை வெச்சாங்க. ஒரு பொறி. பக்கத்துல இருந்த துணி குப்புன்னு பத்திக்கிச்சு.

2/ சிஸ்டர் சலைனை அப்படியே ஊத்தி அணைச்சாங்க. சின்னக் கொப்புளத்தோட அந்த அம்மா தப்பிச்சாங்க. முதல்லயே ஆக்சிஜனை நிறுத்தணும்னு யாருக்கும் தோணலை, எனக்கும்தான். "மைனர் கேஸ்தானே"ன்னு இருந்துட்டோம். அப்போலோ 1 பத்திப் படிக்கும்போதெல்லாம் அந்த அம்மா ஞாபகம் வரும்.

3/ 1967 ஜனவரி 27, ஃப்ளோரிடா. கஸ் கிரிஸ்ஸம், எட் வைட், ரோஜர் சாஃபி மூணு பேரும் ஏவுதளத்தில் ஒத்திகைக்காகக் கலத்துக்குள்ள உட்கார்ந்திருந்தாங்க. ராக்கெட்டில் எரிபொருள் நிரப்பலை. அதனாலேயே அந்தச் சோதனை 'ஆபத்தானது' என்ற வகையில் சேரலை. தீயணைப்புக் குழு, மருத்துவக் குழு எதுவும் அங்கே நிறுத்தப்படலை.

4/ விண்வெளியில் அந்தக் கேபினில் சுத்தமான ஆக்சிஜன், 5 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கும். நம்மைச் சுத்தி இருக்கிற காற்றின் அழுத்தம் 14.7, அதில் ஆக்சிஜனோட பங்கு சுமார் 3தான். அதனால நுரையீரலுக்கு 5 தாராளம். நைட்ரஜன் டேங்க் வேண்டாம், எடையும் மிச்சம். கணக்கு சரிதான்.

5/ ஆனா தரையில், வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்கணும். அதனால 16.7 பிஎஸ்ஐக்கு முழுக்க ஆக்சிஜன். சாதாரணக் காற்றில் இருக்கிறதைப் போல 5 மடங்குக்கும் மேல! உள்ளே நைலான் வலை, வெல்க்ரோ, ஏகப்பட்ட வயர். மின்பொறியில்தான் தீ தொடங்கியிருக்கணும்னு விசாரணை சொன்னது.

6/ கதவு உள்பக்கமா திறக்கிறது. விண்வெளியில் உள் அழுத்தமே அதை இறுக்கிப் பிடிக்கும், கசியாது. அன்னைக்குத் தீயால ஏறின அழுத்தம் அதே கதவை அடைச்சிடுச்சு. எல்லாம் சரியா இருந்தாலே திறக்க ஒன்றரை நிமிஷம் ஆகும். வெளியே இருந்தவங்க திறந்தப்போ 5 நிமிஷம் ஆகியிருந்தது. அவங்க உயிரை முதல்ல எடுத்தது தீக்காயத்தைவிட, கார்பன் மோனாக்சைடு கலந்த புகை.

7/ அதுக்கப்புறம் கதவு வெளிப்பக்கமா, சில விநாடிகளில் திறக்கிற மாதிரி மாறிச்சு. ஏவுதளத்தில் 60% ஆக்சிஜன், 40% நைட்ரஜன். நைலான் உடைக்குப் பதிலா கண்ணாடி இழைத் துணி. 1968 அக்டோபரில் அப்போலோ 7 மனிதர்களோட பறந்தது. 1969 ஜூலையில் நிலவு.

8/ ஆக்சிஜனில் தீ வேகமாப் பரவும்னு அவங்களுக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். மெர்குரி, ஜெமினி கலங்களிலும் சுத்த ஆக்சிஜன்தான், ஒண்ணும் ஆகலை. இத்தனை நாள் ஒண்ணும் ஆகலைங்கிறதையே பாதுகாப்புன்னு நம்பிட்டாங்க. எங்க ஓ.டி.யிலும் அதேதான் நடந்தது.

9/ இப்போ முகத்துக்குப் பக்கத்துல காட்டரின்னா, எவ்வளவு சின்ன கேஸா இருந்தாலும் "ஆக்சிஜன் நிறுத்தியாச்சா?"ன்னு சத்தமா கேட்டுடுவேன். வீட்டில் யாருக்காவது ஆக்சிஜன் ஓடுதா? அந்த ரூமில் பீடி, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் வேண்டாம். "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே டாக்டர்"னு மட்டும் சொல்லாதீங்க.