சேறு வாராத கிணறு

கோடை முற்றிக் கிணற்று நீர் அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்களிலே எமது சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் ஒரு வேலையை மறப்பதில்லை. எஞ்சிய நீரை இறைத்துவிட்டு ஒருவர் உள்ளே இறங்கிச் சேற்றை வாரிக் கடகத்தில் நிரப்ப, மேலே நிற்போர் அதனைத் தூக்கி வெளியே கொட்டுவர். கிணறு வெட்டியவரின் பெயர் ஊரில் நிலைத்துவிடும். சேறு வாரியவரின் பெயரை எவரும் கேட்பதில்லை.

இணையத்தளம் ஒன்றைப் பேணுவது பற்றி எழுதப் புகுந்த நாம் கிணற்றைப் பற்றிப் பேசுவதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். சேறு வாராது விட்ட குற்றம் எம்முடையது. அதனாலேயே இந்த உவமை முந்திக்கொண்டு வருகிறது.

எமது ஊருக்கென ஒரு தளத்தை 2008ஆம் ஆண்டிலே, கடல் கடந்து வாழ்ந்த ஊரவர் ஒருவர் தம் கைப்பணத்தைக் கொண்டு தொடங்கினார். கல்வளைப் பிள்ளையார் கோவில், அதன்மேல் சின்னத்தம்பிப் புலவர் பாடிய கல்வளை அந்தாதி, சீரணி நாகபூசணி அம்மன் கோவில் ஆகியவை பற்றிய கட்டுரைகளும், மறைந்த ஆசிரியர்களின் நினைவுக் குறிப்புகளும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்கு நடந்தவர்களின் அனுபவங்களும் அதில் இருந்தன. அந்த இடப்பெயர்வின்போது எமக்கு ஐந்து வயது. தந்தையாரின் தோளிலிருந்து பார்த்த சனக்கூட்டமே நினைவில் உள்ளது. எஞ்சியவற்றை அத்தளத்திலேதான் படித்தறிந்தோம். 2016இல் அதனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எம்மிடம் வந்தது. புதிய கட்டுரைகளை ஏற்றுவதே பொறுப்பு என்று நாம் எண்ணியிருந்தோம்.

தளத்தின் முகவரிப் பெயர் எவருக்கும் சாசுவதமாக உரியதன்று. காலத்துக்குக் காலம் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்குமாறு வந்த அறிவித்தல்கள் யாவும் தொடங்கியவரின் மின்னஞ்சலுக்கே போயின. அவர் 2019இல் காலமானார். இறந்தவரின் பெட்டியிலே கடிதங்கள் குவிந்துகொண்டிருக்க, நாம் இங்கே கட்டுரைகளுக்குச் சந்தி பார்த்துக்கொண்டிருந்தோம். 2021இல் ஒரு காலை மாணவன் ஒருவன் வந்து, “சேர், எங்கடை ஊர்ப் பக்கத்திலை சூதாட்ட விளம்பரம் ஓடுது” என்றான். தவணை தப்பிய பெயரை யாரோ வாங்கிவிட்டிருந்தார்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததை நாம் வகுப்பிலே கற்பிக்கிறோம். கற்பிக்கையில் கோபமும் கொள்கிறோம். செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொட்டு அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் பணியைப் பாராட்டி மாணவரைக் கட்டுரை எழுதவும் வைக்கிறோம். ஆனால் எமது கையிலிருந்த ஏட்டை நாமே செல்லுக்குக் கொடுத்தோம். தீ வைத்தவர் எவரும் இல்லை. ஒரு சிறு தொகையும் ஒரு நினைவூட்டலுமே குறைந்தன.

மீட்பு வேலை மூன்று மாதம் நடந்தது. 1996இல் தொடங்கிய ‘இன்ரநெற் ஆர்க்கைவ்’ என்னும் நிறுவனம் உலகத் தளங்களைப் பிரதிசெய்து வைத்துவருகிறது. அதிலே எமது பக்கங்கள் சில அகப்பட்டன. வேறு சில, பழுதான பழைய கணினி ஒன்றின் வன்தட்டிலிருந்து கிடைத்தன. நிழற்படங்களிற் பெரும்பகுதி போயே போயிற்று. 1990களின் பிற்பகுதியில் தமிழன்பர் பலர் இலவசமாகக் குடியேறிய ‘ஜியோசிற்றீஸ்’ 2009 ஒக்டோபரிலே மூடப்பட்டபோதும் இதுவே நடந்தது. பிறர் மனையில் குடியிருப்போர் தம் பெட்டியைக் கட்டி வைத்திருத்தல் நன்று.

இப்போது மாதக் கடைசியில் முழுத் தளத்தையும் பிரதிசெய்கிறோம். ஒன்று எமது வீட்டில், ஒன்று ரொறன்ரோவில் உள்ள நண்பரிடம், ஒன்று பாடசாலைக் கணினியில். பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதனைத் திறந்தும் பார்க்க வேண்டும். ஒருமுறை நான்கு மாதமாக வெறுங்கோப்பையே பத்திரப்படுத்தியிருந்தோம்! கடவுச்சொல் இருவர் கையில் உள்ளது. தளத்தை இயக்கும் மென்பொருளுக்குத் திருத்தம் வெளிவந்தால் அவ்வாரமே இட்டுவிடுகிறோம். பழைய பூட்டின் திறப்பு கள்வரிடம் உண்டு.

மீட்ட பக்கங்களிலே இன்னொரு சிக்கல் இருந்தது. அவை பாமினி எழுத்துருவில் ஆனவை. பாமினியில் ‘அம்மா’ என்று நாம் காண்பது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் வரிசையே. எழுத்துரு இல்லாத இடத்தில் அவ்வரிசைதான் திரையிலே தெரியும். தேடுபொறியும் அதனைத் தமிழென அறியாது. தமிழ் யுனிகோட்டில் 1991இலேயே இடம்பெற்றது. ஆயினும் ஈழத்தவர் பாமினியை விட நெடுநாட் சென்றது. விரல்களுக்குப் பழகிய பாசம்! மாற்றித் தரும் கருவிகள் இருப்பினும் கண்கொண்டு ஒப்புநோக்கவே வேண்டும். கட்டுரையை நிழற்படமாக எடுத்து ஏற்றும் வழக்கத்தையும் நிறுத்தினோம். பார்வையற்ற வாசகருக்குத் திரையை வாசித்துக்காட்டும் கருவி படத்தின்முன் ஊமையாகிவிடுகிறது. படம் இட்டால் அதிலுள்ளோர் பெயர், இடம், ஆண்டு மூன்றையும் கீழே எழுதுகிறோம். ஒரு பக்கத்தின் முகவரியை அழகுக்காக மாற்றுவதில்லை. அதனை எங்கோ ஒருவர் குறித்து வைத்திருப்பார். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி எவரும் படிக்க வைத்துள்ளது. எம் தளத்தில் எடுத்தாளும் நூல் அங்கே இருந்தால் அப்பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிடுகிறோம்.

இவ்வளவும் சேறு வாரும் வேலை. நீர் யாருக்கு என்ற கேள்வியை எம்மிடம் கேட்டவள் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி. மீட்ட தளத்தைப் பெருமையுடன் வகுப்பிலே காட்டினோம். அவள் கைத்தொலைபேசியில் நெடுநேரம் மேலும் கீழும் தேடிவிட்டு, “சேர், எங்கடை ஒழுங்கை இதிலை இல்லை” என்றாள்.

உண்மைதான். கோவில்கள் இருந்தன, புலவர் இருந்தனர், வைத்தியரும் பொறியியலாளரும் இருந்தனர். பனை ஏறியவரும், பிறர் தோட்டத்துக்கு நீர் இறைத்தவரும், அந்தக் கிணறுகளின் சேற்றை வாரியவரும் இல்லை. பதின்மூன்று ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத இக்குறை எமது கண்ணிலும் படவில்லை.

அவளுடைய அம்மம்மாவைச் சந்திக்கச் சென்றோம். சிறுமியாயிருந்தபோது பொதுக் கிணற்றடியிலே குடத்துடன் எட்ட நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருந்ததை அவர் சொன்னார். 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும் தாம் கப்பியைத் தொட ஆண்டுகள் பல சென்றன என்றார். பெயரைப் போடலாம், படம் வேண்டாம் என்று நிபந்தனை விதித்தார். புறப்படும்போது ஒன்று கேட்டார்:

“மாஸ்ரர், உதெல்லாம் எழுதிப்போட்டுப் பிறகு அழிச்சுப்போடுவியளோ?”

அவர் கருதியது வேறு. எம் நெஞ்சில் தைத்தது வேறு.

கட்டுரை வெளிவந்த வாரமே வெளிநாட்டிலிருந்து பெரியவர் ஒருவரின் அழைப்பு வந்தது. “தம்பி, பழசைக் கிளறாதையும். ஊரின்ரை பேர் கெட்டுப்போம்” என்றார். வயதில் மூத்தவர், கட்டணத்தில் ஒரு பங்கும் தருபவர். கட்டுரையில் தவறான தகவல் இருந்தால் திருத்துவோம், எடுக்க மாட்டோம் என்றோம். மறு ஆண்டு அவரது பங்கு வரவில்லை. அது 2022, டொலர் ஒன்றின் விலை 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய ஆண்டு. ஆசிரியச் சம்பளத்தில் அந்தத் தொகையை எடுத்து வைப்பதற்கு வீட்டிலே இருமுறை கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. முகவரிப் பெயரை ஒரேயடியாகப் பத்து ஆண்டுக்குப் பதிவுசெய்ய இயலும் என்று அறிந்து, பழைய மாணவர் சிலருடன் சேர்ந்து அவ்வாறே செய்துவிட்டோம்.

இரண்டாவது கடவுச்சொல் இப்போது அந்த மாணவியிடம் உள்ளது. அவள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். சென்ற மாதம் தன் அம்மம்மாவின் கட்டுரையிலே கிணற்றடியின் இடத்தை நாம் பிழையாக எழுதியிருந்ததைக் கண்டு திருத்தி, திருத்திய திகதியையும் கீழே குறித்திருந்தாள்.