மரக்காணத்து உப்புக்கல்

சென்ற கோடை விடுமுறையில், இரசாயனம் பயிலும் எம் நண்பர் ஒருவருடன் மரக்காணத்து உப்பளங்களைக் காணச் சென்றோம். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் சிலர் கருதுவர். ஆதலால் வழிநெடுக யாமே ஆசிரியராகி, நெய்தல் நிலத்தையும் உமணரையும் பற்றி விரித்துரைத்தோம். நண்பர் பொறுமையுடன் கேட்டார்.

உச்சிவேளையில் பாத்திகளின் வெண்மை கண்ணைக் கூசச் செய்தது. உவர்நீரால் பாதம் வெடித்த மூதாட்டி ஒருவர் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். நண்பர் ஓர் உப்புக்கல்லை எடுத்து, "இதிலுள்ள சோடியத்தைத் தனியே பிரித்து நீரிலிட்டால் சீறி எரியும்" என்றார். பின்னர், அத்தகைய உலோக அணுக்களைக் கடுங்குளிரிற் பிறவற்றோடு கூடவிட்டு ஒளியால் ஆராய்வதே தமது மேற்படிப்பின் நோக்கமென்று உற்சாகமாய்ச் சொல்லத் தொடங்கினார். யாமோ, "அதனால் இந்தப் பாட்டிக்கு என்ன பயன்?" என்றோம். நண்பர் கல்லைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். திரும்புகையில் பேருந்தில் ஒன்றும் பேசவில்லை.

விடை வேண்டி யாம் வினவவில்லை. வாதில் வெல்லுதற்கு அம்மூதாட்டியின் வறுமையைக் கருவியாக்கினோம். இஃது உறுத்தவே, கல்லூரி நூல் நிலையத்தில் அவ்விஷயத்தைத் தேடிப் படித்தோம்.

உலோக அணு பிராணவாயுவோடு கூடும்போது முதலிற் பிறக்கும் பொருள், நாம் காணுமுன்னரே வேறொன்றாய் மாறிவிடும். அதனை அசையவொட்டாமல் உறைந்த வாயுவினுள் சிறைவைக்கும் முறையை 1954ஆம் ஆண்டிற் பிமென்டல் முதலியோர் வெளியிட்டனர். 1968இல் லெஸ்டர் ஆண்ட்ரூஸ் என்பார், சோடியத்தின் இனமான லித்தியத்தின் அணுக்களையும் பிராணவாயுவையும், எதனோடும் கூடாத ஆர்கானில், சுழிக்குக் கீழ் ஏறக்குறைய 258 பாகைக் குளிரில் உறையவைத்து, அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினார். பிராணவாயுவின் அணுக்களில் எடை 16 உடையனவும் 18 உடையனவும் உண்டு. இரண்டையும் கலந்து பார்த்தார். லித்தியம் ஒரு முனையில் மட்டும் ஒட்டியிருப்பின் நிறமாலையில் நான்கு கோடுகள் தோன்றவேண்டும், தோன்றியவை மூன்றே. ஆகவே அஃது இரண்டு அணுக்களுக்கும் சமதூரத்தில், முக்கோணமாய் நிற்கிறது. கண்ணுக்கெட்டாத ஒன்றின் வடிவத்தைக் கோடுகளை எண்ணியே அறிந்தனர்! யாப்பில் அசை எண்ணிப் பழகிய எமக்கு இது மிகவும் பிடித்தது.

மற்றொன்றும் படித்தோம். அக்கதிர்களுட் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆதலால் இவ்வாராய்ச்சிக் கருவிகளின் சாளரங்களை உப்பினத்துப் படிகங்களால் செய்வர். சோற்றுப்பும் அதற்கு ஆகும்.

அன்று மாலையே நண்பர் அறைக்குச் சென்று, முதலில் மன்னிப்புக் கேட்டு, பிறகு, "மரக்காணத்துக் கல்லாற் சாளரம் செய்யலாமா?" என்றோம். அவர் மேசையிலிருந்து அக்கல்லை எடுத்து விளக்கின் எதிரே பிடித்தார். "ஆகாது, கலங்கல் மிகுதி" என்றார், பின்பு நாற்காலியை எம் பக்கம் நகர்த்தினார்.