மௌனத்திற்கு முன் ஒரு வார்த்தை

“பெட்டரி செத்துப் போனா, ஆளே செத்துட்டாருன்னு நெனச்சிட மாட்டாங்களா?”

சென்ற விடுமுறையில் அம்மா கேட்ட கேள்வி இது. அப்போது நான் ஐஸ் பெட்டியின் மேலறையில் இருந்த மீன் பொட்டலங்களை ஒதுக்கிவிட்டு, கம்பி பொருத்திய மின்கலன்களை அங்கே அடுக்கிக்கொண்டிருந்தேன். என் இறுதியாண்டு ஆய்வுக்கான சோதனை அது.

விரிவுரையாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, கிளைடர் விமானிகள் பயன்படுத்தும் செயற்கைக்கோள் தடங்காட்டிகளின் மின்கலன் ஆயுள். தமிழ்ப்பள்ளியில் ‘மின்கலன்’ என்றும், இடைநிலைப்பள்ளியில் ‘செல் கெரிங்’ என்றும் படித்த அதே பொருள்தான் இங்கும் என்னைத் துரத்தி வந்தது!

கிளைடர் என்பது இயந்திரம் இல்லாமல் பறக்கும் விமானம். மேலெழும் காற்றைத் தேடி உயரம் பிடித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் செல்லும். காற்று கைவிட்டால், எங்கோ ஒரு வெட்டவெளியில் இறங்க வேண்டியதுதான். அங்கே கைத்தொலைபேசி அலை எட்டாமல் போகலாம். அதனால்தான் விமானிகள் தடங்காட்டியை வைத்திருக்கிறார்கள். அது பத்து நிமிடத்திற்கு ஒருமுறை போல இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் அதை வரைபடத்தில் புள்ளிகளாகப் பார்ப்பார்கள். அந்தப் புள்ளி திடீரென்று நின்றுவிட்டால்? அம்மாவின் கேள்வி அதுதான்.

ஸ்டீவ் ஃபாசெட் என்ற அமெரிக்கர் 2006-இல் இன்னொருவருடன் கிளைடரில் 15,460 மீட்டர் உயரம் பறந்து சாதனை படைத்தவர். 2007 செப்டம்பர் 3-ஆம் நாள், நெவாடாவிலிருந்து இயந்திரம் பொருத்திய சிறிய விமானத்தில் தனியாகப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. விமானத்தின் அவசர ஒலிபரப்பியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் கிடைக்கவில்லை. மாபெரும் தேடுதலுக்குப் பிறகும், 2008 அக்டோபரில்தான் கலிபோர்னிய மலைப்பகுதியில் சிதைவுகள் கிடைத்தன. விழும்போது ஒலிபரப்பியே நொறுங்கிவிட்டால் அதனால் என்ன பயன்? வழியெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டே போகும் கருவியின் அருமை இங்கேதான் புரிகிறது. கடைசிப் புள்ளி கிடைத்தாலே தேட வேண்டிய பரப்பு சுருங்கிவிடும்.

ஆனால் அந்தக் கருவிக்கும் உயிர் மின்கலன்தானே! கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் என்று கொண்டால், 5,000 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 17.5 டிகிரி ஆகிவிடும். ஏறக்குறைய எங்கள் வீட்டு ஐஸ் பெட்டி! காலையில் உள்ளே வைத்த சாதாரண ஆல்கலைன் மின்கலன்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மின்னழுத்தம் இழந்தன. லித்தியம் மின்கலன்கள் மாலை வரை தாக்குப்பிடித்தன. குளிரில் வேதிவினை மந்தமாவதே காரணம். ‘செத்த’ மின்கலன்களை வெளியே எடுத்துச் சூடேற வைத்தபோது, அவை மீண்டும் உயிர் பெற்றதுதான் வேடிக்கை. அவை தீர்ந்து போகவில்லை, விறைத்துப் போயிருந்தன.

கருவியை வைக்கும் இடமும் முக்கியம். கார்பன் இழையாலான விமான உடல் அலையைத் தடுக்கும். வானம் தெரியாத இடத்தில் வைத்தால், சில கருவிகள் திரும்பத் திரும்ப அனுப்ப முயன்று மின்சக்தியை வீணாக்கும். சில கருவிகளோ அனுப்புவதோடு சரி; செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அவற்றுக்கே தெரியாது.

காலாவதியாகும் மின்கலன் நம் நாட்டுக்கும் புதிய செய்தி அல்ல. 2014-இல் காணாமற்போன எம்எச்370 விமானத்தின் தரவுப் பதிவுக் கருவியில் இருந்த நீரடி ஒலிப்பானின் மின்கலன், 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்ததாக 2015-இல் வெளிவந்த இடைக்கால அறிக்கை கூறியது.

அம்மா அந்தக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. 2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தபோது, அப்பா லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தார். எனக்குப் பதினொரு வயது. இரண்டு நாள் அவருடைய கைத்தொலைபேசிக்கு அழைப்புப் போகவில்லை. அம்மா அடுப்புப் பற்ற வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தைதான் எங்களுக்குச் சோறு போட்டார். மூன்றாம் நாள் யாரோ ஒருவரின் தொலைபேசியில் அழைத்த அப்பா, “ஒன்னுமில்லமா, பெட்டரி செத்துப் போச்சு” என்றார். “நாங்கதான் இங்க செத்துப் பொழச்சோம்!” என்று அம்மா கத்தியது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

அதனால் என் ஆய்வறிக்கையில் ஒரு பரிந்துரையைச் சேர்த்தேன். எத்தனை மணிநேரம் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்தால் மட்டும் போதாது. மின்சக்தி குறையத் தொடங்கியதுமே, ‘மின்கலன் தீரப்போகிறது’ என்ற செய்தியைக் கருவி தானாகவே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். குளிரில் மின்னழுத்தம் சட்டென்று சரிவதால், அதைச் சற்று முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அப்போதுதான் பின்னர் வரும் மௌனத்தின் பொருள் காத்திருப்பவர்களுக்குப் புரியும். விமானியும் புறப்படும் முன், புள்ளி நின்றால் எவ்வளவு நேரம் பொறுப்பது, யாரை அழைப்பது என்று பேசி வைத்துவிட வேண்டும்.

இதைச் சொன்னதும் அம்மா சிரித்தார். “ஒங்கப்பா இப்பவும் அதானே செய்றாரு!” என்றார். உண்மைதான். வெள்ளத்துக்குப் பிறகு இன்றுவரை, மின்சக்தி ஒரு கோட்டுக்கு இறங்கியதும் அப்பா அழைத்துவிடுவார்: “பெட்டரி போகப் போவுது. பயப்படாதீங்க.”

என் ஆய்வின் முடிவை அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அறுபது பக்கம் தேவைப்பட்டது.