வாசலில் உட்காரும் விலங்கு

மிருகக்காட்சிசாலையில் விலங்கு நடக்கும் பாதைக்கு வலை கட்டுவது வெல்டர் வேலை. அந்த வலைப்பாதையில் விலங்கைத் தன் விருப்பத்தோடு நடக்கவைப்பது கீப்பர் வேலை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இப்போது திட்டம் போடுகிறார்கள்.

நான் கீப்பர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஒரு வரைபடத்தைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒராங் ஊத்தானும் கிப்பனும் முறைவைத்து இடம் மாற, உயரத்தில் ஒரு பாதை. நல்ல யோசனைதான். வாஷிங்டன் மிருகக்காட்சிசாலையில் 1995 முதல் ஒராங் ஊத்தான்கள் ஜனங்களின் தலைக்கு மேலே கம்பிவடத்தைப் பிடித்துக் கட்டடம் விட்டுக் கட்டடம் போகின்றன. பிலடெல்பியாவில் 2011-இல் குரங்குகளுக்குத் தொடங்கி, 2014-இல் புலி, சிங்கத்துக்கும் பாதை போட்டுவிட்டார்கள். ஆனால் என் முன்னால் விரித்த படத்தில் இந்த முனையில் ஒரு கதவு, அந்த முனையில் ஒரு கதவு. நடுவில் ஒன்றுமில்லை. "நடுவுல உட்கார்ந்துட்டா என்ன செய்வீங்க?" என்றேன். "சென்சார் இருக்கு அங்கிள்" என்றார் படத்தை விரித்த தம்பி.

உட்காருவதுதான் இந்தத் தொழிலின் பெரிய கஷ்டம். எங்களிடம் ஒரு வயதான பெண் ஒராங் ஊத்தான் இருந்தது. இரவுக்கூண்டிலிருந்து வெளியே வரும், சரியாக வாசலில் உட்காரும். ஒரு கை உள்ளே, ஒரு கால் வெளியே. கதவை இறக்க முடியாது, விரல் போய்விடும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். பழத்தைக் காட்டினால் நீளக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு அங்கேயே தின்னும். அதற்கு நம் கதவின் அளவு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த கீப்பரை நாங்கள் எல்லாரும் பெரியண்ணன் என்போம். அவர் அதை விரட்டவில்லை. "அது தாண்டிப் போன உடனே கதவை மூடாதேடா. மூடினா ஏமாத்திட்டான்னு நினைக்கும், நாளைக்கு உன் பக்கமே வராது" என்றார். வாரக்கணக்கில் கதவைத் திறந்தே வைத்தோம். போகட்டும், வரட்டும். சாப்பாட்டை வாசலுக்குப் பக்கத்தில் வைக்காமல் கடைசி மூலைக்குக் கொண்டுபோனோம். பிறகு கதவைக் கொஞ்சம் அசைத்து நிறுத்துவார், பழம் கொடுப்பார். பாதி இறக்குவார், மறுபடி உயர்த்துவார். கதவுச் சத்தம் அதற்குப் பயமில்லாமல் போன பிறகுதான் முழுதாக மூடினார். இன்று சில இடங்களில் காலைச் சாப்பாட்டை நிறுத்தி, பசியைக் காட்டி இழுக்கிறார்கள். சீக்கிரம் முடிகிற வேலை என்று அதற்குப் பாராட்டு வேறு. பசித்த விலங்கு முதலில் ஓடிவரும். பிறகு நம் கையைப் பார்த்தாலே பல்லைக் காட்டும்.

எங்கள் அப்பா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்து யார்டு வேலைக்குப் போனவர். அங்கே சிக்னல் கேபினில் ஒரு தடம் பூட்டினால்தான் அடுத்த லீவர் அசையும். விலங்குப் பாதையும் அதே கணக்குதான். கிப்பன் எல்லாம் உள்ளே போயிற்றா என்று கண்ணால் பார்த்து, தலை எண்ணி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஒராங் ஊத்தானின் கதவைத் தொட வேண்டும். 1968-இல் அமெரிக்காவின் ஓமஹாவில் ஃபூ மன்ச்சு என்ற ஒராங் ஊத்தான் கம்பித்துண்டை வாய்க்குள் ஒளித்துவைத்துப் பூட்டைத் திறந்தது. திரையில் பச்சை விளக்கு எரிகிறதே என்று கதவைத் திறப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியாது.

நடுவிலும் ஒரு கதவு வேண்டும் என்றேன். ஏன் என்று தம்பி கேட்டார். இரண்டு விலங்கு சண்டை போட்டால் பிரிக்க. ஒன்று படுத்துவிட்டால் மருத்துவர் கிட்டே போக. நம்மூர் மதிய வெயிலில் இரும்புவலை கொதிக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் சாயங்கால இடியோ சொல்லாமல் வரும். அப்போது பாதையில் இருப்பதைப் பக்கத்திலேயே ஒதுக்க இடம் வேண்டும். படத்தில் நிழலும் இல்லை, எதிரெதிரே வரும் இரண்டு விலங்குகள் விலகிப்போக அகலமும் இல்லை.

செலவுப் பட்டியலில் வலை, மோட்டார், கேமரா எல்லாம் இருந்தன. கதவடியில் நிற்கப்போகும் கீப்பருக்கு மட்டும் ஒரு வரி இல்லை. இருக்கிறவர்களே பார்த்துக்கொள்வார்களாம். இருக்கிறவர்கள் காலையில் கூண்டு கழுவி முடிக்கவே நேரம் போதாமல் ஓடுகிறார்கள். முதலில் இரண்டு பிள்ளைகளை வேலைக்கு எடுங்கள், பாதை கட்டுவதற்கு ஒரு வருஷம் முன்பே அந்த விலங்குகளோடு பழக விடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.