அரைக் கட்டம்

ஈசிஜி பேப்பரில் ஒரு சின்னக் கட்டம் என்பது 40 மில்லிசெகண்ட். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சிட்டலோப்ராம் மாத்திரையைத் தினம் 60 மில்லிகிராம் சாப்பிட்டால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி சராசரியாக நீளுவது 18.5 மில்லிசெகண்ட். அரைக் கட்டம்கூட முழுசாகத் தேறாது. இப்படிப்பட்ட அளவுகளைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் எஃப்டிஏ 2011-இல் இந்த மருந்து 40-ஐத் தாண்ட வேண்டாம் என்றது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், சிஒய்பி2சி19 என்ற ஈரல் நொதி சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் 20 போதும் என்று இன்னும் இறக்கியது.

மனநலப் பிரிவிலிருந்து ‘பேஸ்லைன் ஈசிஜி’ என்று சீட்டு வரும்போது ஈசிஜி டெக்னீஷியன்களான நம்மிடம் கேட்பது இந்த அரைக் கட்டத்தைத்தான். ஆனால் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நெஞ்சுவலி கேஸ் என்றால் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓபி பேஸ்லைன் என்றால் ஜெல்லியைத் தடவி, கப்பை ஒட்டி, ஸ்ட்ரிப்பைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ‘அடுத்தவங்க வாங்க’ என்கிறார்கள். நெஞ்சுவலிக்காரரின் எஸ்டி ஏற்றம் கூரைமேல் நின்று கத்தும். க்யூடி அப்படிக் கத்தாது. தேடிப் போனால்தான் கிடைக்கும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒற்றைச் சேனல் மெஷினில் கை பழகியவர். புது மெஷின் வந்து, க்யூடிசியைத் தானே கணக்குப் போட்டு மேலே அச்சடிக்க ஆரம்பித்த பிறகும், அந்த எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் கேலிபரை வைப்பார். அளந்து பேனாவால் எழுதிய பிறகே விரலை எடுப்பார். இரண்டும் ஒத்துப்போனால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒத்துப்போகாவிட்டால், “மெஷினு டி அலை முடிஞ்ச இடத்த வுட்டுட்டு யூ அலையப் புடிச்சிருக்குலே, பாரு” என்று காட்டுவார்.

டி அலை எங்கே முடிகிறது என்பதில்தான் பாதி வேலை. லீட் 2 அல்லது வி5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டி அலை இறங்கும் பக்கத்தில் மிகச் செங்குத்தான இடத்தை ஒட்டி ஒரு கோடு இழுங்கள். அது பேஸ்லைனைத் தொடும் இடம்தான் முடிவு. பொட்டாசியம் குறைந்தவருக்கு யூ அலை எழும்பி டி-யோடு ஒட்டிக்கொள்ளும். கோடு இழுக்காமல் கண்ணை நம்பினால் அங்கேதான் ஏமாறுவோம். ஒரு துடிப்போடு நிறுத்தாமல் மூன்று, ஐந்து என்று அளந்து சராசரி எடுங்கள். கட்டம் பிடிபடவில்லை என்றால் பேப்பர் வேகத்தை 25-இலிருந்து 50-க்கு மாற்றி லீட் 2-ஐ மட்டும் ஓடவிடுங்கள். அப்போது ஒரு சின்னக் கட்டம் 20 மில்லிசெகண்ட். டி அலை அகன்று தட்டையாகத் தெரியும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். வேகத்தை மாற்றியதை ஸ்ட்ரிப்பிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பார்க்கிறவர் க்யூடி இரண்டு மடங்கு என்று பதறிப்போவார்.

அடுத்தது, நாடிக்கேற்ப க்யூடியைத் திருத்தி க்யூடிசி ஆக்கும் கணக்கு. பேசட், ஃப்ரிடெரிசியா இருவருமே 1920-இல் தங்கள் சூத்திரத்தைக் கொடுத்தார்கள். மெஷின்கள் பெரும்பாலும் பேசட் பக்கம். நாடி 60-ஐ ஒட்டி இருந்தால் எதைப் போட்டாலும் ஒன்றுதான். அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறவருக்கு அந்த மருந்தே துடிப்பை ஏற்றிவிடும். நாடி 100, அளந்த க்யூடி 360 என்று வையுங்கள். பேசட் கணக்கில் 465 வரும், ஃப்ரிடெரிசியாவில் 427. முதல் எண்ணைப் பார்த்து நல்ல மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. வேகமான நாடிக்கு இரண்டையும் போட்டு எழுதுவது என் வழக்கம். எந்த டாக்டரும் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை.

இனி, ஒரே மாத்திரை ஒருவர் ஸ்ட்ரிப்பில் தடமே இல்லாமல் போவதும், இன்னொருவருக்கு ஒன்றரைக் கட்டம் இழுப்பதும் ஏன்? ஒரு காரணம் ஈரலில் இருக்கிறது. குழாய் ஒரே வேகத்தில் கொட்ட, வெளியேறும் துளை அடைத்திருந்தால் தொட்டி நிரம்பத்தானே செய்யும். சிட்டலோப்ராமுக்கும் எஸ்சிட்டலோப்ராமுக்கும் அந்தத் துளை சிஒய்பி2சி19. அதன் மரபணு இரண்டு பிரதியும் பழுதானவருக்கு ரத்தத்தில் சிட்டலோப்ராம் ஏறக்குறைய இரட்டிப்பாகச் சேரும். ஐரோப்பியரில் இப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழர்களிடம் பார்த்து 2003-இல் வெளியிட்ட கணக்கில், ‘ஸ்டார் 2’ எனும் பழுதான வடிவம் மரபணுப் பிரதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தது. அப்படியானால் இரண்டு பிரதியும் பழுதானவர் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர். நம் ஓபி வரிசையில் தினமும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மரபணு நன்றாக இருப்பவரையும் மாத்திரையாலேயே பழுதாக்கிவிடலாம். ‘கேஸ்’ என்று நம் ஊரில் ஆளாளுக்குப் போடும் ஒமிப்ரசோல் இதே நொதியை அமுக்கும். எஸ்சிட்டலோப்ராம் அளவு சுமார் பாதி கூடிவிடும். ஒமிப்ரசோலோடு டாம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல் என்றால் இன்னும் மோசம், டாம்பெரிடோன் தன் பங்குக்குத் தானும் க்யூடியை நீட்டும். “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்கள் கணக்கில் அது மாத்திரையே இல்லை. “காலையில வெறும் வயித்துல ஏதாவது போடுறீங்களாம்மா?” என்று கேளுங்கள், உடனே பதில் வரும்.

ஒருமுறை ஸ்டென்ட் வைத்த பெரியவர் ஒருவர் வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு மனசு உடைந்து போயிருந்தவர். கூட வந்த அம்மா மடியில் தடித்த ஃபைல். குளோபிடோக்ரல் வேலை செய்யுமா என்று பார்க்க எடுத்த ஜீன் ரிப்போர்ட் அதற்குள் இருந்தது: ஸ்டார் 2, ஸ்டார் 2. குளோபிடோக்ரலை உடம்பு வேலைக்குத் தயாராக்குவதும் இதே சிஒய்பி2சி19 தான். ஆகவே இவருக்கு அந்த மருந்து போதாமல் போகும், எஸ்சிட்டலோப்ராம் மிஞ்சிப் போகும். ரிப்போர்ட்டை இதயத்துக்காக எடுத்ததால் மனநலப் பிரிவில் யாரும் புரட்டவில்லை. அந்தத் தாளை ஸ்ட்ரிப்போடு சேர்த்து பின் அடித்து அனுப்பினேன். டாக்டர் செர்ட்ராலின் குறைந்த அளவில் எழுதினார். நம் ஓபியில் ஜீன் டெஸ்ட் எடுக்கிறவர் அபூர்வம். எடுத்தவர் வந்தால் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது காரணம் இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. கேசிஎன்ஹெச்2 மரபணு கட்டும் பொட்டாசியம் சேனலைத்தான் இந்த மருந்துகளும் அடைக்கின்றன. பிறவியிலேயே அந்தச் சேனல் நலிந்தவர்களில் சிலருக்குச் சாதாரண நாளில் க்யூடி ஒழுங்காகவே இருக்கும். மருந்து விழுந்ததும் வெளிப்படும். டி அலை தாழ்ந்து, உச்சியில் ஒரு பிளவு தெரிந்தால் அண்ணாச்சி கேலிபரைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பார். அலாரம், போன் மணி கேட்டு மயங்கி விழுந்தது உண்டா, வீட்டில் இளவயதில் யாராவது திடீரென்று போனார்களா என்று விசாரிப்பார். குடும்பக் கதையைக் கேட்பது டெக்னீஷியன் வேலையா என்று ஒரு மேலதிகாரி அவரிடம் சத்தம் போட்டதுண்டு. அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். சிட்டலோப்ராம் பாதியாகக் கரைய ஒன்றரை நாள் ஆகும். அளவைக் கூட்டிய மறுநாளே எடுத்த ஸ்ட்ரிப் ஒன்றும் சொல்லாது. ஒரு வாரமாவது போகட்டும். நொதி மந்தமானவருக்கு இன்னும் தாமதமாகும். பழைய ஸ்ட்ரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதே லீடில், அதே முறையில் அளந்து பாருங்கள். க்யூடிசி ஆணுக்கு 450, பெண்ணுக்கு 460 என்ற எல்லைக்குள் இருந்தாலும், 390-இல் இருந்தவர் 445-க்கு வந்திருந்தால் அவர் 55 நகர்ந்திருக்கிறார், அதை எழுதுங்கள். இந்த நகர்வைப் பார்க்கத்தான் முதல் பேஸ்லைனை அவ்வளவு சிரமப்பட்டு எடுத்தோம். தெர்மல் பேப்பர் சில வருஷத்தில் வெளுத்துவிடும், ஒரு ஜெராக்ஸ் போட்டு ஃபைலில் வையுங்கள்.

500-ஐத் தாண்டினால் நோயாளியிடம் எண்ணைச் சொல்லாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் கூடாது. பயத்தில் தானாக நிறுத்துகிறவருக்கு, எந்த மனச்சோர்வுக்காக மாத்திரை தொடங்கினாரோ அதுவே திரும்ப வரலாம். “கொஞ்சம் உக்காருங்க, இன்னொரு தடவ எடுத்துக்கலாம்” என்று படுக்க வையுங்கள். லீடுகளைச் சரிபார்த்து மறுபடி எடுங்கள். அப்போதும் அதே எண் வந்தால், ஸ்ட்ரிப்பை அட்டெண்டரிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே எடுத்துக்கொண்டு டாக்டர் மேஜைக்குப் போங்கள். ஓரத்தில் தேதி, நாடி, எந்த லீட், எந்தச் சூத்திரம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கேப்சூல் உட்பட.